வாளும் வாய்ச்சொல்லும்: லார்ப் குழுவில் நடிப்பையும் சண்டையையும் சேர்த்து நடத்துவது எப்படி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் சாரணர் முகாம் ஒன்றை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து நாங்கள் நடத்திய லார்ப் (வேடமேற்று ஆடும்) ஆட்டத்தில், சனிக்கிழமை மதியம் ஒரு மரப்பாலத்தின் மீது நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால், கோப்ளின் என்னும் பச்சைநிறக் குட்டிப்பூதக் கூட்டத்தின் தலைவன் நின்றான். இப்பால் நகரத்தின் தூதராக வேடமேற்ற பெண் நின்றார். உப்பு கொடுத்தால் வழி விடுவது என்ற உடன்படிக்கைக்காக அவர் வெள்ளி இரவிலிருந்து கூடாரம் கூடாரமாகச் சென்று பேசி, மூன்று வணிகர்களிடம் கையொப்பம் வாங்கி, அதைச் சுருளாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். பேச்சு பத்தாவது நிமிடத்தைத் தொட்டபோது, காலை முதல் கவசத்தோடு நின்று அலுத்துப்போயிருந்த வீரர் ஒருவர் பின்வரிசையிலிருந்து "பேசினது போதும்" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார். நான்கு நிமிடத்தில் கோப்ளின்கள் அனைவரும் தரையில் கிடந்தார்கள். சுருள் சேற்றில் கிடந்தது. அன்று கோப்ளின் தலைவன் நான்தான். பச்சைச் சாயம் கழுத்தில் வழியக் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, அந்த வீரரின் மேல் எனக்கு வந்த கோபம் சற்று நேரத்தில் ஆட்டத்தை வகுத்த எங்கள் மேலேயே திரும்பியது. காலை ஒன்பது மணியிலிருந்து அவருக்கென்று நாங்கள் எதையுமே வைத்திருக்கவில்லை.

லார்ப் என்பது எழுதிவைத்த வசனமோ பார்வையாளர்களோ இல்லாத நாடகம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதற்குரிய உடையும் ஆயுதமும் தரித்து, இரண்டு மூன்று நாள் அந்த ஆளாகவே நடமாடுவார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனை விளையாட்டில் சண்டை என்பது எண்கணக்கு. இங்கே அதை உடம்பால் செய்ய வேண்டும். கூச்சலும் ஓட்டமும் கேடயச் சத்தமுமாக அது நடக்கும்போது, பக்கத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது தானாகவே சிறுத்துப்போகும். நடிப்புக்குப் பாதி, சண்டைக்குப் பாதி என்று நேரத்தைப் பங்கு போட்டால் இது சரியாகிவிடும் என்று புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் எண்ணுவதுண்டு. அப்படிப் பங்கு போட்ட எந்த ஆட்டமும் எங்களுக்குத் தேறவில்லை. பேச்சின் முடிவு அடுத்த சண்டையை மாற்ற வேண்டும், சண்டையின் முடிவு அடுத்த பேச்சுக்குப் பொருள் தர வேண்டும். இந்த முடிச்சு விழுந்துவிட்டால், எட்டு மணி நேரப் பேச்சுக்கு நடுவில் அரைமணி நேரச் சண்டைதான் இருந்தது என்றாலும் யாரும் குறை சொல்வதில்லை.

குழுவின் பழக்கம் எங்கிருந்து வந்தது

ஒரு குழுவில் சேருகிறவர்கள் ஏற்கெனவே வேறெங்கோ பழகிய ஆட்டத்தைத் தங்களோடு கொண்டுவருகிறார்கள். 1966 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுப் பின்தோட்டத்தில் தொடங்கிய எஸ்.சி.ஏ. (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்) அமைப்பு, பிரம்பு வாள்களால் உண்மையாகவே அடித்துக்கொள்ளும் இடைக்காலப் போட்டிகளை வளர்த்தது. 1977இல் வாஷிங்டனை ஒட்டிய பகுதியில் உருவான டாகோர்ஹிர், ஃபோம் சுற்றிய ஆயுதங்களோடு இரு படைகள் முழு வேகத்தில் மோதுவதை மையமாக வைத்துக்கொண்டது. 1982இல் இங்கிலாந்தின் செஷயரில் பெக்ஃபோர்டன் கோட்டையை வைத்துத் தொடங்கிய ட்ரெஷர் ட்ராப், அதன் பெயருக்கேற்ப, சிறு குழுவாக இருட்டறைகளுக்குள் புகுந்து அரக்கர்களை வென்று புதையல் தேடும் ஆட்டம். 1993இல் வந்த மைண்ட்ஸ் ஐ தியேட்டர் விதிகளிலோ, ஒருவரையொருவர் தொடுவதே கூடாது. மோதல் என்றால் கல், தாள், கத்தரிக்கோல் என்று கைவிரலால் முடிவு கட்டுவார்கள். 1997இல் ஆஸ்லோவில் முதன்முதலாகக் கூடி ஆண்டுதோறும் நார்டிக் நாடுகளில் நடந்துவரும் க்னூட்டபுங்க்ட் மாநாட்டைச் சுற்றி வளர்ந்த மரபில், ஆயுதமே இல்லாத ஆட்டங்கள் ஏராளம்.

டாகோர்ஹிரில் பழகியவருக்கு மதியம் வரை வாளை உறையில் வைத்திருப்பது தண்டனை. நார்டிக் மரபில் பழகியவருக்கு, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் மூன்றாவது முறையாக ஓர்க்கு என்னும் அரக்கர்கள் பாய்வது கேலிக்கூத்து. இருவரும் ஒரே கூடாரத்தில் அமர்ந்து "நாங்கள் ஃபேன்டஸி லார்ப் ஆடுகிறோம்" என்றே சொல்வார்கள். அதனால் முதல் வேலை, இந்தக் குழுவில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது. அழகான வருணனை வேண்டாம். "சனிக்கிழமை ஒரு பெரிய மோதலும் இரண்டு சிறு மோதல்களும் இருக்கும்; மற்ற நேரம் நகரத்தின் அரசியல்; இரவு பதினொரு மணிக்கு மேல் சண்டை கிடையாது" என்ற மூன்று வரி போதும். இது பிடிக்காதவர் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலகிக்கொள்வார். அது இரு தரப்புக்கும் நல்லது.

அடுத்து, வருகிறவர்களிடம் கேட்க வேண்டியது. "உங்களுக்கு நடிப்பு பிடிக்குமா, சண்டை பிடிக்குமா?" என்று படிவத்தில் கேட்பது வீண், எல்லோரும் "இரண்டும்" என்றே எழுதுவார்கள். நாங்கள் சில ஆண்டுகளாக மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறோம். உங்கள் கதாபாத்திரம் எதற்காக உயிரைக் கொடுக்கும்? எதற்காக வாளைக் கீழே போடும்? இந்த வார இறுதியில் யாரிடம் போய்ப் பேச அதற்குக் காரணம் இருக்கிறது? இரண்டாவது கேள்விக்கு "எதற்காகவும் போடாது" என்று எழுதுகிறவரிடம் நான் தொலைபேசியில் பேசுவேன். அடம்பிடிக்கும் பாத்திரமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அவருக்கு ஒரு தங்கையையோ கடனையோ சத்தியத்தையோ சேர்த்துக் கொடுத்தால், அவருடைய அடமே பிறருக்கு ஆட்டப்பொருளாகிவிடும். பாலத்தில் பாய்ந்த வீரருக்கு அடுத்த ஆட்டத்தில் தூதரின் மெய்க்காப்பாளர் வேலையைக் கொடுத்தோம். தூதருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அவருடைய குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று அவருடைய பின்கதையில் ஒரு வரி எழுதினோம். அதன்பின் பேச்சுவார்த்தையின் ஒவ்வொரு நொடியும் அவருக்கு வேலையாகிவிட்டது: யார் கை எங்கே போகிறது, எந்த மரத்துக்குப் பின்னால் நிழல் அசைகிறது என்று கண்ணை எடுக்காமல் நின்றார்.

மணிக்கணக்கு

சண்டையின் நீளத்தைப் புதியவர்கள் எப்போதும் தவறாகவே மதிப்பிடுகிறார்கள். இருபது பேர் மோதினால் சண்டை ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். ஆனால் அதன் முன்னும் பின்னும் ஒரு வால் இருக்கிறது. எதிரிகளாக வேடமிடும் பன்னிரண்டு பேர் கொண்ட மான்ஸ்டர் அணிக்கு (இதுவே எங்கள் துணை அணி) முகச்சாயம் பூச, இருவர் பூசினால், முக்கால் மணி நேரம். கவசம் கட்ட கால் மணி. களத்துக்கு நடக்கப் பத்து நிமிடம். முடிந்தபின் காயத்துக்குக் கட்டுப் போடவும், தண்ணீர் குடிக்கவும், "நீ என்னை அடித்தது விழவில்லை" என்ற சில்லறைப் பஞ்சாயத்துக்கும் இன்னொரு அரைமணி. ஆக, பத்து நிமிடச் சண்டை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஒரு நாளில் ஐந்து சண்டை என்று திட்டமிட்டால் பேச்சுக்கு நேரமே இராது. மான்ஸ்டர் அணியினர் மாலைக்குள் ஓய்ந்துபோய், அடிவாங்கி விழும் பொம்மைகளாகிவிடுவார்கள்.

முப்பது ஆட்டக்காரர்களும் பன்னிரண்டு பேர் கொண்ட துணை அணியும் இருக்கும் வார இறுதிக்கு நாங்கள் கைக்கொள்ளும் வடிவம் ஏறத்தாழ இதுதான்: வெள்ளி இரவு சண்டை கிடையாது, புதியவர்கள் பெயர் அறிந்து, குடித்து, பகை வளர்க்கட்டும். ஆனால் ஒரு மிரட்டல் வந்துவிட வேண்டும். காயம்பட்ட ஓட்டக்காரன் ஒருவன் வாசலில் விழுவது பழைய உத்திதான், இன்னும் வேலை செய்கிறது. சனிக்கிழமை காலை, ஐந்தாறு பேர் மட்டும் செல்லும் சிறு பயணம். அதிலே ஒரு கைகலப்பு. மற்றவர்கள் நகரத்திலேயே இருப்பார்கள், அவர்களுக்குத் தனி வேலை இருக்கும். பெரிய மோதல் சனி மாலை நான்கு மணியளவில், வெளிச்சம் இருக்கும்போதே. அதற்குப் பின் இரவுணவு. அந்த இரவுணவுதான் ஆட்டத்தின் உச்சம், ஏனென்றால் யார் ஓடினார்கள், யார் காப்பாற்றினார்கள், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். ஞாயிறு காலை தீர்ப்பு, உடன்படிக்கை, ஈமச்சடங்கு. தேவைப்பட்டால் ஓர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை.

பெரிய மோதலை ஞாயிறு பிற்பகலில் கடைசி நிகழ்ச்சியாக வைக்க ஆசை வரும். பார்வைக்கு அது அருமையாக இருக்கும். ஆனால் அதில் இறந்தவனுக்காக அழ நேரமில்லாமல் கூடாரத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடும் ஜெர்மனியின் ட்ராகன்ஃபெஸ்ட் போன்ற விழாக்களில் இறுதிப்போர் என்பதே மரபாகிவிட்டது. முகாமுக்கு முகாம் போட்டியாக அமைந்த ஆட்டத்துக்கு அது பொருந்தும். முப்பது பேர் குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு முன்னும் ஒரு பின்னும்

தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. புறத்திணைகளை எண்ணிப் பார்த்தால், இரு படைகள் களத்தில் எதிரெதிரே நின்று பொருவதற்கென்று இருப்பது தும்பை ஒன்றுதான். மாட்டைக் கவர்வது, மண்ணாசையில் படையெடுப்பது, அரணை முற்றுவது, வென்றதைக் கொண்டாடுவது, நிலையாமையை நினைப்பது, வள்ளலைப் பாடுவது என்று மற்றவை எல்லாம் அதைச் சுற்றிச் சூழ்ந்திருக்கின்றன. கோப்ளின் கதைக்கும் இந்த விகிதம் பொருந்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நடைமுறையில் இதற்கு ஒரே ஒரு சீட்டு போதும். மான்ஸ்டர் அணியில் ஒவ்வொருவரையும் களத்துக்கு அனுப்பும் முன், உள்ளங்கை அளவுள்ள அட்டையில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: உன் பெயர், உனக்கு வேண்டியது, நீ எப்போது ஓடுவாய், பிடிபட்டால் எதைச் சொல்வாய். "கோப்ளின் எண் 7, மூன்று ஹிட்" (மூன்று அடி பட்டால் விழு) என்று அனுப்பினால் அவர் வந்து, அடித்து, விழுவார். "உன் பெயர் முர்க், உனக்கு வேண்டியது உப்பு, குட்டிகளுக்கு நோய், இரண்டு பேர் விழுந்தால் ஓடு, பிடிபட்டால் குகையின் இரண்டாம் வழியைச் சொல்லிவிடு" என்று அனுப்பினால், அதே உடை, அதே சாயம், அதே மூன்று ஹிட்டோடு அவர் ஒரு கதையைக் கொண்டுவருவார். பிடிபட்ட முர்க்கை என்ன செய்வது என்று நகரத்தில் இரண்டு மணி நேரம் வாதம் நடக்கும். வைத்தியர் நோயைப் பற்றிக் கேட்பார், வணிகர் உப்பின் விலையை ஏற்றுவார், வீரர் அவனைக் காவல் காத்து நிற்பார். பத்து நிமிடச் சண்டை பிற்பகல் முழுவதுக்கும் தீனி போட்டுவிட்டது.

இதற்கு ஆட்டக்காரர்கள் பக்கத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். விழுந்த எதிரியைக் கொன்று முடிப்பதற்கு முன் மூச்சுவிட இடைவெளி வேண்டும். எங்கள் விதியில், கீழே விழுந்தவர் மூன்று நிமிடம் உயிரோடு இருப்பார். அவரைக் கொல்ல விரும்புகிறவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாக ஐந்து எண்ண வேண்டும். அந்த ஐந்து எண்ணிக்கையில்தான் "பொறு!" என்று யாராவது கத்துவார்கள். முதல் முறை இதை நடைமுறைப்படுத்தியபோது, பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் மூன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். முர்க்காக வேடமிட்டிருந்தவர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை. மாணவர் எழுந்து, தன் நீர்க்குடுவையை அவர் பக்கம் தள்ளிவிட்டு நடந்துபோனார். அந்த ஆண்டில் எங்கள் குழுவில் நடந்த மிகச் சிறந்த நடிப்பு அதுதான். அது நடந்த இடம் போர்க்களம்.

தோல்விக்கும் இடம் வையுங்கள். ஆட்டக்காரர்கள் எப்போதும் வெல்வார்கள் என்று தெரிந்துவிட்டால் தூதரின் பேச்சுக்கு மதிப்பில்லை. வாள் மலிவான வழியாகிவிடுகிறது. எதிரி உண்மையாகவே வலியவனாக இருந்தால்தான் அவனோடு பேசத் தோன்றும். நகரத்தின் முப்பது பேரும் சேர்ந்தாலும் வெல்ல முடியாத ஒரு படை மலைக்கு அப்பால் இருக்கிறது என்பதை வெள்ளி இரவே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், தெரியப்படுத்திவிடுவது நல்லது. இதைச் சாடைமாடையாகச் சொன்னால் எவருக்கும் எட்டாது. மூன்று பேர் வந்து தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

விதிகளில் ஒளிந்திருப்பவை

விதிநூலின் கனமே ஒரு குழுவைச் சண்டைப்பக்கம் சாய்த்துவிடும். அறுபது பக்கத்தில் ஐம்பது பக்கம் வெட்டு, குத்து, கவசம், மந்திரத் தாக்குதல் என்று இருந்தால், படிக்கிறவருக்கு அதுவே ஆட்டம் என்று பதிந்துபோகும். கதாபாத்திரத்தின் திறனை வளர்க்கும் அனுபவப் புள்ளிகளை எதிரியை வீழ்த்துவதற்கு மட்டும் கொடுத்துவிட்டு "எங்கள் குழுவில் நடிப்புக்கு முதலிடம்" என்று சொல்லிப் பயனில்லை. வருகைக்கு எல்லோருக்கும் ஒரே புள்ளி கொடுங்கள், அதோடு முடித்துக்கொள்ளுங்கள். "சிறந்த நடிப்புக்கு" என்று தனிப் புள்ளி வைக்கும் வழக்கத்தை நாங்கள் இரண்டு ஆண்டு முயன்றுவிட்டு விட்டுவிட்டோம். அது நடுவர்களின் நண்பர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, நடுவர்களின் கண் அவர்கள் மேல்தான் விழுந்தது.

அடிக்கும்போது "நான்கு! நான்கு! நான்கு!" என்று சேத எண்ணைக் கத்தும் முறை அமெரிக்காவின் பழைய குழுக்கள் சிலவற்றில் உண்டு. கணக்குத் துல்லியமாக இருக்கும். ஆனால் எண்ணைக் கத்துகிற வாய் வேறு எதையும் பேச முடியாது. ஒவ்வொரு அடியும் ஒரு ஹிட், சிறப்புத் தாக்குதலுக்கு மட்டும் ஒரு சொல் என்று சுருக்கிவிட்டால், வாளை வீசியபடியே "உன் அண்ணனைக் கொன்றவன் நானில்லை!" என்று கத்த முடியும். ஜெர்மனியில் பரவலாக உள்ள வழக்கம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. "டூ கான்ஸ்ட், வாஸ் டூ தார்ஸ்டெல்லன் கான்ஸ்ட்" என்பார்கள். நடித்துக் காட்ட முடிந்ததெல்லாம் உன்னால் முடியும் என்று பொருள். புள்ளிக்கணக்கு இல்லை. அடி வாங்கியவரே அதன் விளைவைத் தீர்மானிக்கிறார். இதை அவர்கள் ஓப்ஃபர்ரேகல், அதாவது பலியானவரின் விதி, என்கிறார்கள். கோடாலி தோளில் பட்டதும் அவர் கேடயத்தை நழுவவிட்டு அலறுவார், அல்லது அசையாமல் சிரிப்பார். ஒருவரையொருவர் அறிந்த, தோற்பதில் சுவை கண்ட குழுவுக்கு இது அருமையான முறை. ஆறு மாதமே ஆன குழுவுக்கு வேண்டாம். அசையாமல் சிரிப்பவர்களே அங்கே அதிகம் இருப்பார்கள்.

காயம் நேரத்தைத் தின்ன வேண்டும் என்பதும் முக்கியம். மந்திரம் ஒன்றைச் சொன்னதும் முழுதாகக் குணமாகிவிடும் என்றால், வைத்தியருக்கு நடிக்க எதுவும் இல்லை, வீரருக்கு உட்கார்ந்து பேசக் காரணமும் இல்லை. எங்களிடம் காலில் வெட்டுப்பட்டவர் அடுத்த உணவுவேளை வரை நொண்ட வேண்டும். வைத்தியர் கட்டுப் போடும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார், காயம்பட்டவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியையும் விதியில் சேர்த்தோம். வைத்தியர் கூடாரத்தில் இப்போது வரிசை நிற்கிறது, சிலர் காயமே இல்லாமல்.

வாள் எடுக்காதவர்கள்

முதுகுவலி, கண்ணாடி, கர்ப்பம், வயது, அல்லது வெறுமனே விருப்பமின்மை என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒருவர் சண்டையிலிருந்து விலகி நிற்கலாம். அவருக்குத் தெளிவான அடையாளம் கொடுத்து, அவர் பக்கம் யாரும் வாள் வீசக்கூடாது என்ற விதி வேண்டும். எதிரி அவரைத் தொட்டாலோ ஆயுதத்தால் சுட்டினாலோ அவர் பிடிபட்டதாகக் கொள்ளலாம். ஆனால் பாதுகாப்போடு நின்றுவிடக் கூடாது, அதிகாரமும் தர வேண்டும். சண்டை நடக்குமா, எங்கே, எந்தச் சாதகத்தோடு என்பதைத் தீர்மானிக்கும் சாவிகள் வாள் எடுக்காதவர்களின் கையில் இருக்கட்டும். கோட்டைக் கதவின் மந்திரத்தை அறிஞர் அவிழ்க்காவிட்டால் படை உள்ளே போக முடியாது. வணிகர் அம்புக்குப் பணம் தராவிட்டால் வில்லாளிகளுக்கு ஆளுக்கு மூன்று அம்புதான். உளவு சொல்பவர் சரியாகச் சொல்லியிருந்தால் எதிரியின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். இந்தக் கடைசி விதியில் துணை அணியின் உழைப்பும் மிச்சமாகிறது.

2013 முதல் இங்கிலாந்தில் நடந்துவரும் எம்பயர் என்ற பெரும் ஆட்டத்தில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கற்பனை நாட்டின் இனங்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி சனிக்கிழமையும் மறுபகுதி ஞாயிற்றுக்கிழமையும் போருக்குப் போகின்றன. தங்கள் முறை வராத நாளில் அவர்களே எதிரிப்படையாக வேடமிட்டு வருகிறார்கள். எதிரிக்கு ஆள் தேடும் தொல்லை தீருகிறது. போருக்குப் போகாதவர்கள் முகாமில் எப்போதும் இருப்பதால் அரசியலும் வணிகமும் நிற்பதில்லை. நேற்று உன்னிடம் அடிவாங்கி விழுந்தவன் இன்று உன்னை அடிக்கிறான் என்பதால் அடியின் கனமும் குறைகிறது. சிறு குழுவிலும் இதைச் செய்யலாம்: ஒவ்வோர் ஆட்டக்காரரும் வார இறுதியில் இரண்டு மணி நேரம் துணை அணியில் வேலை செய்ய வேண்டும் என்று வைத்துப்பாருங்கள்.

உடல்வலு உள்ளவர் சண்டையில் வெல்வது நியாயமில்லை என்று நடிப்புப் பக்கத்தார் புகார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே நியாயமின்மை பேச்சிலும் உண்டு. அதை அவர்கள் கவனிப்பதில்லை. நாவன்மை உள்ளவர் அவையில் எப்போதும் வெல்கிறார். கூச்சமுள்ளவர் அரசவைப் பாத்திரம் ஏற்றும் மூலையில் நிற்கிறார். அவருக்கு எழுத்தில் பேசும் வழியைக் கொடுங்கள்: முத்திரையிட்ட கடிதம், வாக்குச்சீட்டு, அவர் கையில் மட்டும் இருக்கும் ஒரு செய்தி. சண்டையில் வலுவற்றவருக்குக் கேடயச்சுவரில் ஓர் இடம் கொடுப்பதும் இதே வேலைதான். தனித்தனியாக ஓடிச் சண்டையிடும் களத்தில் இளைஞர்களே வெல்வார்கள். தோளோடு தோள் நின்று, கொடியைக் காத்து, கட்டளைக்கு அசையும் களத்தில் ஐம்பது வயதுக்காரருக்கும் வேலை இருக்கிறது.

பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேரம் இல்லை. லேட்டக்ஸ் பூசிய ஃபோம் வாளின் நடுவில் கண்ணாடியிழைத் தண்டு இருக்கிறது. குத்தினால் அது நுனியின் ஃபோமைத் துளைத்துக்கொண்டு வரக்கூடும், ஆகவே குத்துவதற்கென்றே செய்த ஆயுதம் தவிர வேறெதிலும் குத்தக்கூடாது. தலை, கழுத்து, மர்ம உறுப்புகள் இலக்கு அல்ல. அடியைத் தோளிலிருந்து ஓங்கினாலும் படும் நொடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். சிலம்பம் பழகியவர்கள் எங்கள் குழுவுக்கு வந்தபோது கால்வைப்பும் வேகமும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் அடியை முழுதாக இறக்கும் பழக்கத்தை மறக்க அவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. இங்கிலாந்துக் குழுக்களில் வில்லின் இழுவிசை பொதுவாக 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, டாகோர்ஹிரில் 35. உண்மையான காயம் என்றால் இங்கே "மேன் டவுன்" என்றும் அமெரிக்காவில் "ஹோல்ட்" என்றும் கத்துவார்கள். கேட்டவர் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பேச்சுக் காட்சிகளுக்கும் இதே அக்கறை தேவை என்பதைச் சண்டைக் குழுக்கள் மறந்துவிடுகின்றன. விசாரணை, துரோகம், சாவு ஆகிய காட்சிகளில் கண்ணீர் நடிப்பா நிஜமா என்று தெரியாமல் போகும். விரலால் ஓகே அடையாளம் காட்டிக் கேட்பதும், எதிரில் இருப்பவர் கட்டைவிரலை மேலே, கிடையாக, கீழே என்று காட்டிப் பதில் சொல்வதும் பல நாடுகளில் பரவிவிட்ட எளிய வழி. மேலே காட்டினால் தொடரலாம். மற்ற இரண்டுக்கும் காட்சியை நிறுத்தி, வெளியே அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டும்.

ஆட்டம் நடுவில் சாயும்போது

திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சாயும். அடையாளங்களை நடுவர் கற்றுக்கொள்ள வேண்டும். வீரர்கள் தங்களுக்குள் பொய்ச்சண்டை போடத் தொடங்கினால் அலுப்பு. தலைக்கவசத்தைக் கழற்றி, வேலை, கிரிக்கெட் என்று நிஜ உலகப் பேச்சு வந்தால் அலுப்பு முற்றிவிட்டது. மறுபுறம், மரத்தடியில் மூவர் கடிதத்தோடு உட்கார்ந்து, கத்தல் கேட்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டால், நீங்கள் அவர்கள் காட்சியை இருமுறை உடைத்துவிட்டீர்கள்.

முதல் வகைக்கு உடனே சண்டையை அவிழ்த்துவிடத் தோன்றும். அதற்கு முன் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்: காணாமல் போன ஆட்டிடையனைத் தேடும் ரோந்து, கைதிக்குக் காவல், நாளை சண்டையிடும் இடத்தைப் போய்ப் பார்த்து வருவது. இதற்குச் சாயம் பூசிய ஆள் ஒருவர்கூட வேண்டியதில்லை. இரண்டாம் வகைக்கு, அடுத்த மோதலை முகாமிலிருந்து இருநூறு அடி தள்ளி நடத்தினாலே பாதி தீரும். நகரத்தின் நடுவில் எதிரி புகுவது ஒரு வார இறுதிக்கு ஒருமுறைதான், அதுவும் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில். இரவு இரண்டு மணிக்குத் தாக்குவது உண்மையான போருக்குப் பொருந்தலாம். மறுநாள் காலையில் நடிக்கத் தெம்பில்லாத முப்பது பேரைத்தான் அது மிச்சம் வைக்கும்.

ஞாயிறு மதியம், கூடாரம் பிரிக்கும் முன், வேடம் கலைத்தபின், இருபது நிமிடம் எல்லோரும் வட்டமாக உட்காருகிறோம். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போய்விடுவார்கள். "யாரிடம் பேச நினைத்து நேரமில்லாமல் போனது?" என்று ஒரு கேள்வி, "எந்தச் சண்டை எதற்காக நடந்தது என்று உனக்குப் புரியவில்லை?" என்று இன்னொரு கேள்வி. வருகிற பதில்களை அப்படியே எழுதிக்கொள்கிறோம். முதல் கேள்வியின் பதில்கள் அடுத்த ஆட்டத்தின் வெள்ளி இரவாகின்றன. இரண்டாவது கேள்விக்கு மூன்று பேருக்கு மேல் ஒரே சண்டையைச் சொன்னால், அதை வகுத்தவர் அடுத்த முறை மான்ஸ்டர் அணியில் முதல் கோப்ளினாகப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாலத்துச் சண்டைக்குப் பிறகு அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் நான்தான்.